சைக்காலஜி லேசான படிப்பா?

பிளஸ் டூ மதிப்பெண் வந்த வாரம். மகளோ மகனோ சைக்காலஜி ஆனர்ஸ் படிக்க ஆசைப்படுவதாகச் சொன்னதும் வீட்டில் மூன்று குரல்கள் எழும். "கணக்கு வராதவங்க எடுக்கிற பாடம் அது" என்பார் சித்தப்பா. "நாலு பேரோட பழகினாலே தெரியற விஷயத்தை மூணு வருஷம் காசு கட்டிப் படிக்கணுமா?" என்பார் மாமா. பிள்ளையின் பக்கம் நிற்கும் அத்தைகூட, "படிச்சு முடிச்சதும் கவுன்சிலிங் சென்டர் வச்சுக்கலாம், இப்ப அதுக்குத்தான் கிராக்கி" என்றுதான் ஆதரவு சொல்வார்.

மூன்று பேச்சுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: உளவியல் என்பது இரக்க குணமும் பேச்சுத் திறமையும் உள்ளவர்களுக்கான லேசான படிப்பு. வீடுகளில் மட்டும் இந்த நம்பிக்கை இருந்தால் பரவாயில்லை. கல்லூரி நிர்வாகங்களிடமும், பக்கத்துக் கட்டடத்து இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களிடமும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில உளவியல் துறைகளிடமும் இது ஊறிக் கிடக்கிறது. உளவியல் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். இந்த நம்பிக்கை தவறு. இதனால் நேரும் சேதமும் சின்னதல்ல.

மாமாவின் வாதத்திலிருந்து தொடங்குகிறேன். மூன்றில் வலுவானது அதுதான். மனித நடத்தையை நாம் பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஒரு தடவை முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அனுபவம் சொல்லாத எதைப் பாடப்புத்தகம் புதிதாகச் சொல்லிவிடும்?

1949இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்டார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றுக்கு அவர் மதிப்புரை எழுதினார். அதில் சில முடிவுகளை வரிசையாகத் தந்தார். அதிகம் படித்த வீரர்களுக்குக் குறைவாகப் படித்தவர்களைவிட மன உபாதைகள் கூடுதலாக இருந்தன. கிராமத்திலிருந்து வந்தவர்கள் நகரத்துக்காரர்களைவிடப் பட்டாள வாழ்க்கையில் உற்சாகமாக இருந்தார்கள். அமெரிக்காவின் தென்பகுதிக்காரர்கள் வெப்பமான தீவுகளின் சூட்டை வடபகுதிக்காரர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள். படிக்கும்போதே நமக்குக் காரணங்கள் தோன்றிவிடுகின்றன: படித்தவன் அதிகம் யோசிப்பான், கிராமத்தான் கஷ்டம் பழகியவன், வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் புதிதல்ல. இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு செலவா என்ற கேள்வியும் கூடவே வரும். அந்த இடத்தில் லாசர்ஸ்ஃபெல்ட் உண்மையைச் சொன்னார். ஆய்வு கண்டவை இவை ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரானவை. படித்தவர்களுக்குத்தான் உபாதை குறைவு. நகரத்துக்காரர்கள்தான் உற்சாகமாக இருந்தார்கள். வெயிலைத் தாங்குவதில் தென்பகுதிக்காரர்களுக்குத் தனித் திறமை எதுவும் தென்படவில்லை.

உண்மையான முடிவை முதலில் சொல்லியிருந்தால் அதற்கும் நம்மிடம் காரணம் தயாராக இருந்திருக்கும். படித்தவனுக்குச் சமாளிக்கத் தெரியும் என்றிருப்போம். 'பதறாத காரியம் சிதறாது' என்பதும் நம் பழமொழிதான், 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதும் நம் பழமொழிதான். காரியம் முடிந்த பிறகு எது பொருந்துகிறதோ அதை எடுத்துச் சொல்கிறோம். எது நடந்தாலும் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று சொல்ல முடிகிற அறிவால், நடப்பதற்கு முன்னால் எதையும் சொல்ல முடியாது. பாட்டியின் கணிப்பும் இப்படித்தான். பலித்தவை குடும்பக் கதையாக நிலைக்கின்றன. பலிக்காதவற்றை யாரும் எண்ணி வைப்பதில்லை.

இதைவிட நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்பதில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரே கொள்கைதான்: திரும்பத் திரும்பப் படி. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவு மாணவர்கள் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு தடவை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதத்தை நினைவில் வைத்திருந்தார்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 40 சதவீதத்தை. தங்களுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்னதாகக் கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம் நமக்கு இந்த ஒரு வார விஷயத்தைச் சொல்லித் தரவில்லை. படித்து முடித்த கையோடு எல்லாம் மனதில் நிற்பதுபோல் தோன்றும் அந்த நிமிடத்தோடு நாம் நின்றுவிடுகிறோம்.

அனுபவசாலிகளின் கணிப்பும் தப்பும். மனிதர்கள் ஓர் அதிகாரியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அறிமுகமில்லாத ஒருவருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்று உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் மனநல மருத்துவர்களிடம் கேட்டார். ஆயிரத்தில் ஒருவர் கொடுக்கலாம் என்றார்கள் அவர்கள். 1963இல் வெளியான அவருடைய முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். (மின்சாரம் உண்மையில் பாயவில்லை. ஆனால் பங்கேற்றவர்களுக்கு அது தெரியாது. இப்படி ஒரு சோதனையை நடத்தலாமா என்ற விவாதம்தான் பிற்கால ஆய்வு நெறிமுறைகளைக் கடுமையாக்கியது. அந்த விவாதமும் ஆனர்ஸ் பாடத்தின் ஒரு பகுதி.)

அடுத்து சித்தப்பாவின் வாதம். கணக்கு வராதவர்களுக்கான பாடம் என்பவரை உளவியல் ஆய்வகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போக வேண்டும்.

முதலாம் ஆண்டில் செய்யவைக்கும் சோதனை ஒன்று முல்லர்-லையர் மாயத்தோற்றம். 1889இலிருந்து இருப்பது. கையடக்கமான ஒரு பலகை. அதில் இரு முனைகளிலும் அம்புத்தலை போட்ட ஒரு கோடு. அதையொட்டி முனை வெளிப்பக்கம் விரிந்த இன்னொரு கோடு. இதை இழுத்து நீட்டலாம், உள்ளே தள்ளிக் குறைக்கலாம். சப்ஜெக்டாக உட்காரும் மாணவி இரண்டு கோடுகளும் சமம் என்று கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்த வேண்டும். எதிரே இருக்கும் தோழி பலகையின் பின்பக்க அளவுகோலைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் தவறியது என்று குறித்துக்கொள்வாள். பாதித் தடவை நீளத்திலிருந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும், பாதித் தடவை குட்டையிலிருந்து நீட்டிக்கொண்டு போக வேண்டும். அதிலும் பாதி இடப்பக்கம் வைத்து, பாதி வலப்பக்கம் வைத்து.

ஏன் இத்தனை பாதிகள் என்று பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்கும்போதுதான் படிப்பு தொடங்குகிறது. கை எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் முடிவைக் கொஞ்சம் இழுக்கும். கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் இழுக்கும். நாம் அளக்க விரும்புவது மாயத்தோற்றத்தை மட்டும். மற்ற இழுப்புகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்படி சோதனையை அமைக்காவிட்டால் கையில் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டாவதாக அந்தப் பிள்ளை பார்ப்பது இன்னும் முக்கியமானது. கோடுகள் ஏமாற்றும் என்று முன்பே தெரிந்திருந்தும் கண் தவறுகிறது. ஸ்கேல் வைத்து அளந்து காட்டிய பிறகும் தவறுகிறது. தன் கண்ணையும் தன் நிச்சயத்தையும் மட்டும் நம்பி மனதைப் பற்றிப் பேச முடியாது என்பதைப் பிரசங்கம் செய்து புரியவைக்க முடியாது. பத்து இருபது அளவுகளைத் தானே எடுத்து, சராசரியும் திட்டவிலக்கமும் போட்டுப் பார்த்தவர்களுக்குப் புரிகிறது. 1966இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த மாயத்தோற்றம் எல்லாச் சமூகத்தாரையும் ஒரே அளவில் ஏமாற்றுவதில்லை என்று காட்டியது. ஐரோப்பியக் கண்களை வைத்து உலகத்துக்கெல்லாம் தீர்ப்பு எழுதக் கூடாது என்ற பாடமும் அதே பலகையில் இருக்கிறது.

இதிலிருந்து டி-சோதனை, ஒட்டுறவு, மாறுபாட்டுப் பகுப்பாய்வு என்று புள்ளியியல் ஏறிக்கொண்டே போகும். கணக்குக்குப் பயந்து சைக்காலஜி எடுத்தவர்கள் இரண்டாவது செமஸ்டரில் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்று பொருளியல் முதல் சந்தை ஆய்வு வரை பயன்படும் காரணிப் பகுப்பாய்வு என்ற முறையே, அறிவுத்திறனை எப்படி அளப்பது என்ற உளவியல் கேள்வியிலிருந்து 1904இல் சார்ல்ஸ் ஸ்பியர்மன் உருவாக்கியது. அந்த ஸ்பியர்மனிடம் லண்டனில் பயிற்சி பெற்று வந்த எம்.வி.கோபாலசாமிதான் 1924இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கினார். அதற்கும் முன்னால், 1916இல், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் உளவியலுக்குத் தனித் துறை வந்துவிட்டது. இந்தத் துறை இந்தியாவுக்குள் வந்தபோதே கருவிகளோடும் எண்களோடும்தான் வந்தது. லேசான பாடம் என்ற பெயர் பிற்பாடு நாம் ஒட்டியது.

யார் ஒட்டினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிகள் ஒட்டின. கருவிகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். வெளித்தேர்வாளர் வரும் நாளில் துடைத்து மேசைமேல் வைப்பார்கள். ரெக்கார்டு நோட்டை சீனியரிடம் வாங்கி, பெயரையும் எண்களையும் மாற்றி, ஹாஸ்டலில் ஒரே இரவில் எழுதி முடிப்பார்கள். கடைசி ஆண்டு புராஜெக்ட்டின் நிலைமை இன்னும் மோசம். இணையத்தில் கிடைத்த ஒரு கேள்வித்தாளை கூகுள் ஃபார்மாக்கி வாட்ஸ்அப் குரூப்புகளில் சுற்றவிடுவார்கள். சொந்தக்காரர்களும் வகுப்புத் தோழர்களும் இரண்டு நிமிடத்தில் நிரப்பித் தருவார்கள். வந்த எண்களை ஒரு புராஜெக்ட் சென்டரில் கொடுத்தால் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் போட்ட அட்டவணைகளும் 'முடிவுரை'யும் ஸ்பைரல் பைண்டிங்கோடு கைக்கு வந்துவிடும். வைவாவில் 'இந்தக் கேள்வித்தாள் நம்பகமானதென்று எப்படித் தெரியும்' என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடம் லேசானது என்று சொல்லிச் சேர்த்தவர்கள், லேசாகவே நடத்தி அனுப்பினார்கள்.

உளவியல் அறிவியலே அல்ல என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் ஓர் ஆயுதத்தை எடுப்பார்கள். 2015இல் பெரிய ஆய்வுக்குழு ஒன்று, முன்னணி இதழ்களில் வந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதமே காட்டின. புகழ்பெற்ற முடிவுகள் சில ஆட்டங்கண்டன. பாடப்புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் கிட்டி ஜெனோவீஸ் கதை, 1964இல் நியூயார்க்கில் 38 பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் கொல்லப்பட்டார் என்பது, செய்தித்தாள் ஊதிப் பெருக்கியது என்று 2007இல் சில உளவியலாளர்கள் ஆவணங்களைத் தோண்டி எழுதினார்கள்.

இவை மறைக்க வேண்டியவை அல்ல. அந்த 100 ஆய்வுகளையும் திரும்பச் செய்தவர்கள் உளவியலாளர்கள்தான். தம் துறையின் புகழ்பெற்ற பெயர்களைப் பகைத்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்று முன்னதாக அறிவித்துவிட்டுச் செய்தார்கள். அதன்பின் ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்வது, தரவைத் திறந்து வைப்பது போன்ற வழக்கங்கள் பரவின. தன் முடிவுகளில் பெரும்பகுதி நிற்கவில்லை என்று தானே எண்ணிச் சொல்லும் துறையை அறிவியல் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? ஜோசியத்தில் இப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்து நான் கேள்விப்பட்டதில்லை. கல்லூரிகளுக்கு என் வேண்டுகோள், இந்த 2015 ஆய்வை இளங்கலை முதலாம் ஆண்டிலேயே நடத்துங்கள் என்பதுதான். பிள்ளைகள் பாடத்தின்மேல் நம்பிக்கை இழந்துவிடுவார்கள் என்று பயப்படும் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

அத்தையின் ஆதரவு எனக்கு மற்ற இரண்டையும்விடக் கவலை தருகிறது. இளங்கலை முடித்ததும் கவுன்சிலிங் சென்டர் வைக்கலாம் என்ற நினைப்பு ஆபத்தானது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுத்திருக்கிறது: இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதி, அல்லது உளவியலில் முதுகலைக்குப் பிறகு மேற்பார்வையோடு கூடிய இரண்டாண்டு முழுநேர எம்.பில். இளங்கலை இந்த வரையறையின் பக்கத்தில்கூட வராது. ஆலோசகர் என்ற பலகையை மாட்டுவதற்கு இவ்வளவு கறாரான கதவு இல்லாததால், இளங்கலையோடு ஒரு குறுகிய கால டிப்ளமோவைச் சேர்த்துக்கொண்டு கடை திறப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒருவரை அடையாளம் காணவும், உரிய இடத்துக்கு உடனே அனுப்பவும் தெரியாத ஆலோசகர் செய்யும் தவறைத் திருத்தவே முடியாமல் போகலாம்.

இதற்கு எதிரான வாதம் ஒன்றை நான் மதிக்கிறேன். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேர் ஏதாவதொரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள். பெரும்பான்மையோருக்குச் சிகிச்சை எட்டுவதில்லை. இந்த நிலையில் எம்.பில். முடித்தவர்களுக்காகக் காத்திருக்க முடியுமா? கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் செய்து காட்டினார்களே, மனநலத் தொழிலில் முன்பயிற்சி இல்லாத சாதாரண ஆட்களே மனச்சோர்வுக்கு ஆலோசனை தரலாம் என்று? உண்மைதான். 2017இல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள். ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம்.

ஆனால் அந்தச் சாதாரண ஆட்கள் மனம்போன போக்கில் பேசவில்லை. ஆறிலிருந்து எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்வது என்று எழுதி, சோதித்துத் திருத்தப்பட்ட கையேடு, தொடர்ந்த மேற்பார்வை, கடுமையான நிலையில் இருப்பவர்களை மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்து, இது பலன் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கோவா முயற்சி எதையாவது நிரூபிக்கிறது என்றால், ஆய்வுமுறை தெரிந்தவர்கள் பின்னால் இருந்தால்தான் சாதாரண ஆளின் பரிவும் மருந்தாகும் என்பதைத்தான். அந்த ஆய்வுமுறையின் அரிச்சுவடியை ஆனர்ஸில் கற்றுத்தர வேண்டும். அதை விட்டுவிட்டுக் 'கவுன்சிலிங் ஸ்கில்ஸ்' தாள்களை நிரப்பி, பட்டத்தைக் கவர்ச்சியாக்குவது ஆய்வுமுறை, ஆலோசனை இரண்டையும் கெடுக்கும்.

2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழு, சுகாதாரம் சார்ந்த படிப்புகளோடு சேர்த்து உளவியலையும் தொலைநிலை, இணையவழி முறைகளில் நடத்தக் கூடாதென்று உத்தரவிட்டபோது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படித்த பெண்களுக்கு அது பெரிய இழப்பு. அவர்களுக்கு மாலை நேர, வார இறுதி வகுப்புகளை அரசு திறக்க வேண்டும். ஆனால் ஆய்வகமே பார்க்காத உளவியல் பட்டம் என்ற ஒன்று இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இளங்கலையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும் என்பது அடுத்த கேள்வி. ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன். டேனியல் கானமன் 1954இல் ஜெருசலேமில் உளவியலை முதன்மைப் பாடமாகவும் கணிதத்தைத் துணைப்பாடமாகவும் எடுத்து இளங்கலை முடித்தார். மறுவருடம் இஸ்ரேலிய ராணுவத்தில், ஆள்சேர்ப்பு நேர்காணலைச் சீரமைக்கும் வேலை அவரிடம் வந்தது. கையில் இருந்தது இளங்கலைப் பட்டம் மட்டும், வயது 21. அதுவரை நேர்காணல் செய்பவர்கள் கால்மணி நேரம் பொதுவாகப் பேசிவிட்டு, 'இவன் தேறுவான்' என்று மனதில் பட்டதை எழுதினார்கள். அந்தக் கணிப்பு எதற்கும் உதவவில்லை என்பது தரவில் தெரிந்தது. கானமன் பொறுப்புணர்வு, பழகும் தன்மை என்பதுபோல் ஆறு பண்புகளை வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் அந்த இளைஞரின் கடந்த வாழ்க்கையைப் பற்றிய நேரடிக் கேள்விகள். ஒரு பண்புக்கு ஐந்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். எங்களை எந்திரமாக்குகிறீர்கள் என்று நேர்காணல் செய்தவர்கள் கொதித்தார்கள். முடிவு பழைய முறையைவிடக் கணிசமாக மேம்பட்டிருந்தது. அந்த முறை சின்னச் சின்ன மாற்றங்களோடு பல பத்தாண்டுகள் நீடித்தது. 2002இல் கானமனுக்குப் பொருளியலில் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1955இல் அவர் பயன்படுத்தியது ஓர் ஆனர்ஸ் மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களைத்தான்.

ஒரு மதிப்பீடு எதற்காவது உதவுகிறதா என்று அவரைப்போல் கேட்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இல்லாததால் நடப்பதைப் பாருங்கள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பத்து விரல் ரேகைகளையும் ஸ்கேன் செய்து, பிறவித் திறமை இன்னது, இன்ன துறைக்குப் போகலாம் என்று வண்ண அச்சில் அறிக்கை தருகிறார்கள். பெற்றோர் ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறார்கள். விரல் ரேகைக்கும் அறிவுத்திறனுக்கும் அப்படியொரு தொடர்பு இருப்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனால் அறிக்கையைப் படிக்கும் அம்மாவுக்கு, "என் பையனை அப்படியே எழுதியிருக்காங்க" என்று தோன்றும். இந்தத் தோன்றல் எப்படி வருகிறது என்பதை உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் 1949இலேயே எழுதிவிட்டார். தன் வகுப்பின் 39 மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஆளுக்கொரு குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். எல்லோர் கையிலும் இருந்தது ஒரே குறிப்பு. கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து அவர் தொகுத்தது. ஃபோரரின் சோதனையை வகுப்பில் ஒரு தடவை செய்து பார்த்த மாணவி, தம்பியின் ரேகை அறிக்கையைக் கையில் வாங்கினால் மூன்று விஷயங்களைக் கேட்பாள். அடுத்த மாதம் திரும்ப எடுத்தால் இதே முடிவு வருமா? இது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறது என்பதற்கு என்ன சான்று? யாரோடு ஒப்பிட்டு 'அதிகம்', 'குறைவு' என்கிறீர்கள்? இந்த மூன்று கேள்விகளும் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தால் அந்த வியாபாரம் அங்கேயே நிற்கும்.

ஆனர்ஸ் என்ற சொல்லுக்கு இந்தியாவில் இப்போது ஒரு வரையறை இருக்கிறது. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160. ஆய்வோடு கூடிய ஆனர்ஸ் வேண்டுமானால் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்து, கடைசி ஆண்டில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு எழுத வேண்டும். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்கள் மூன்றாண்டுப் பட்டத்திலேயே நிற்கின்றன. நான்காம் ஆண்டின் கட்டணத்தை எல்லா வீடும் தாங்காது என்ற அக்கறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றாண்டானாலும் நான்காண்டானாலும், மாணவர் தாமே கேள்வி எழுப்பி, தாமே தரவு திரட்டி, தாமே பகுத்து எழுதும் ஓர் ஆய்வு அதில் இருந்தே தீர வேண்டும். பிரிட்டனில் உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் வேண்டுமானால் இந்த ஆய்வில் தேறியிருக்க வேண்டும் என்பது விதி.

அந்த ஆய்வு என்ன கற்றுத்தரும்? கைப்பேசி பக்கத்தில் இருந்தால் படிப்பில் கவனம் சிதறுமா என்று ஒரு மாணவி கேட்பதாக வைத்துக்கொள்வோம். 'கவனம்' என்றால் எதை அளப்பது? 'பக்கத்தில்' என்றால் மேசையிலா, பையிலா? ஆங்கிலக் கேள்வித்தாளைத் திருநெல்வேலி மாணவர்களுக்குத் தமிழாக்கினால் பழைய நார்ம்ஸ், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகள், செல்லுமா? பங்கேற்பவரிடம் எதைச் சொல்லி ஒப்புதல் வாங்குவது? மாதக்கணக்கில் உழைத்து, கடைசியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று வந்தால் அதை அப்படியே எழுதும் துணிவு இருக்கிறதா? என் அனுபவத்தில் மாணவர்கள் அதிகம் வளர்வது இந்தக் கடைசிக் கேள்வியின் முன்னால்தான். தான் விரும்பிய முடிவு வரவில்லை என்று சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்டவரை, மனிதவளத் துறையோ, சந்தை ஆய்வோ, சிறப்புக் கல்வியோ, அரசுத் திட்டங்களின் மதிப்பீடோ, எந்த வேலைக்கும் நம்பி எடுக்கலாம்.

பட்டம் வாங்கிய மறுநாள் கைநிறையச் சம்பளம் என்று நான் சொல்லவில்லை. உளவியலாளர் ஆக விரும்புபவருக்கு இளங்கலைக்குப் பிறகு இன்னும் பல ஆண்டுப் படிப்பும் செலவும் காத்திருக்கின்றன. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இல்லாமல் அந்தப் பாதை மிகக் கடினம். இதைச் சேர்க்கையின்போதே சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, இந்த ஜூனில் பிள்ளையை அழைத்துக்கொண்டு கல்லூரி வாசல் ஏறும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிளேஸ்மென்ட் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் உளவியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புள்ளியியலும் ஆய்வுமுறையும் எத்தனை தாள், அவற்றை நடத்துபவர் யார் என்று கேளுங்கள். போன வருட மாணவர்களின் ஆய்வேடு இரண்டை வாங்கிப் புரட்டுங்கள். ஓர் ஆசிரியர் எத்தனை ஆய்வேடுகளை மேற்பார்வை செய்கிறார் என்று விசாரியுங்கள். சாவியைத் தேடிக்கொண்டு யாராவது ஓடினால், அல்லது 'கவுன்சிலிங்தான் எங்கள் ஸ்பெஷாலிட்டி' என்று பதில் வந்தால், அந்த விண்ணப்பத்தை நிரப்பாமல் அடுத்த கல்லூரிக்குப் போங்கள்.